சுட்ட பிறகுதான் வேலை!
(அலாஸ்காவில் ஒரு மூஸ் வேட்டை)

வேட்டை என்றதும் நம் மனக்கண்முன் வருவது துப்பாக்கி, புதர் மறைவு, மூச்சடக்கிக் காத்திருத்தல், பிறகு 'டுமீல்' என்று ஓர் ஓசை. கதைகளிலும் திரைப்படங்களிலும் அத்தோடு காட்சி முடிந்துவிடும். விழுந்த விலங்கை யார் அறுத்தார்கள், எப்படிச் சுமந்தார்கள், கெடாமல் எப்படிக் காத்தார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை. ஆனால் உணவுக்காக வேட்டையாடுகிறவர்களைக் கேட்டால், சுடுவது ஒரு நொடி வேலை, அதற்குப் பிறகு வரும் இரண்டு நாட்கள்தான் வேட்டை என்பார்கள். இதை நான் நேரில் கண்டது வட அமெரிக்காவின் வடமேற்குக் கோடியில் உள்ள அலாஸ்காவில்.

இராணுவத்தின் கால்நடை மருத்துவப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். படைவீரர்களின் சமையற்கூடத்துக்கு வரும் இறைச்சியைப் பரிசோதித்து, 'உண்ணத் தகும்', 'தகாது' என்று முத்திரை குத்துவது என் கடமைகளில் ஒன்று. மீரட்டின் மே மாத வெயிலிலும் லேயின் டிசம்பர் குளிரிலும் அந்த வேலையைச் செய்திருக்கிறேன். ஆகவே 2019 செப்டம்பரில், ஃபேர்பேங்க்ஸ் நகரில் இருக்கும் எங்கள் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது கண்ட இந்த நிகழ்ச்சியைச் சுற்றுலாப் பயணியின் கண்ணோடு மட்டும் பார்க்க என்னால் முடியவில்லை.

நம் வாசகர்களில் சைவ உணவுக்காரர்கள் பலர் உண்டு என்பதை அறிவேன். அவர்களும் தயங்காமல் படிக்கலாம். இது கொலையைப் பற்றிய கட்டுரை அன்று; உணவை வீணாக்காமல் காப்பது பற்றியது.

மூஸ் என்னும் மாமிருகம்

மூஸ் என்பது மான் இனத்திலேயே மிகப் பெரியது. அவற்றிலும் அலாஸ்கா மூஸ்தான் உருவத்தில் முதலிடம். வளர்ந்த ஆண் 540 முதல் 725 கிலோ வரை எடையிருக்கும். தோள் உயரம் ஏறக்குறைய 6 அடி. நம் நீலகிரிக் காடுகளில் காணும் கடமானைவிட இரண்டு மடங்குக்கும் மேலான எடை என்று வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட கால்கள், தொங்கும் மேலுதடு, தாடியைப் போலக் கழுத்தடியில் ஆடும் ஒரு தோல் மடிப்பு, விரித்த உள்ளங்கை போன்ற அகன்ற கொம்புகள். முதல் பார்வையில் அழகு என்று சொல்ல வராது. ஆனால் மரங்களுக்கிடையே அது நடந்து வந்தால் நம் கால்கள் தாமாகப் பின்வாங்கும்.

அலாஸ்கா பரப்பளவில் இந்தியாவில் ஏறக்குறையப் பாதி. மக்கள் தொகையோ 7 லட்சத்துச் சொச்சம்தான். கடையில் விற்கும் உணவுப் பொருட்களில் பெரும்பகுதி கப்பலிலும் விமானத்திலும் லாரியிலும் வெளியிலிருந்து வருவது. விலை அதற்கேற்ப இருக்கும். எனவே செப்டம்பர் மாதத்தில் ஒரு மூஸ் கிடைத்துவிட்டால், ஒரு குடும்பத்தின் குளிர்காலக் கவலை பெருமளவு தீர்ந்தது. ஆண்டுதோறும் 6,000 முதல் 8,000 மூஸ்கள் வரை இப்படி முறையான அனுமதியோடு வேட்டையாடப்படுகின்றன.

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்ற சொல்லே குற்றத்தோடு சேர்ந்துவிட்டது. நம் காடுகளின் நிலைமைக்கு அது தேவையானதும்கூட. அங்கேயோ எந்தப் பகுதியில், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எத்தகைய விலங்கை என்று அரசே வரையறுத்து அனுமதிக்கிறது. ஆண் மூஸ் மட்டும் என்பார்கள். சில பகுதிகளில் கொம்பின் விரிவு 50 அங்குலமாவது இருக்க வேண்டும் என்பார்கள். விலங்கு விழுந்தவுடன், கையிலுள்ள சீட்டில் அன்றைய மாதத்தையும் தேதியையும் வெட்டிக் குறித்துவிட வேண்டும்.

வேட்டை இறைச்சியை விற்கக் கூடாது என்பது என்னை மிகவும் கவர்ந்த விதி. தாமே உண்ணலாம், பிறருக்குச் சும்மா கொடுக்கலாம்; காசு வாங்கக் கூடாது. அதைவிடக் கடுமையானது, இறைச்சியை வீணாக்குவது குற்றம் என்ற சட்டம். நான்கு கால்கள், முதுகுக்கறி, கழுத்து, நெஞ்சு, விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள கறி என உண்ணத்தக்க அனைத்தையும் காட்டிலிருந்து வெளியே கொண்டுவந்தாக வேண்டும். கொம்பை முதலில் தூக்கிக்கொண்டு வந்துவிட முடியாது; அது கடைசிச் சுமையோடுதான் வர வேண்டும். பின்தொடைகளைக் காட்டிலேயே விட்டுவிட்டு வந்தவருக்குக் குறைந்தது 7 நாள் சிறை, 2,500 டாலர் அபராதம். கொம்புக்காகச் சுடுகிறவரையும் சோற்றுக்காகச் சுடுகிறவரையும் சட்டம் இந்த இடத்தில் பிரித்துப் பார்க்கிறது.

தனியாகச் சென்ற பக்கத்து வீட்டுக்காரர்

எங்கள் மகனின் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். தபால் இலாகாவில் வேலை. மனைவி, மூன்று பிள்ளைகள், ஒரு நாய். வழக்கமாக உடன் வரும் அவருடைய சகோதரர் அவ்வாண்டு வர இயலாததால், தட்டையான அடிப்பாகம் கொண்ட அலுமினியப் படகில் டனானா ஆற்று வழியாகத் தனியாகவே புறப்பட்டுச் சென்றார்.

தனியாகப் போவது சட்டப்படி தவறில்லை. ஆனால் அரை டன் எடையுள்ள விலங்கை ஒருவர் மட்டும் கையாள்வது எளிதன்று. அனுபவசாலிகள் இரண்டு விதிகள் சொல்கிறார்கள். படகிலிருந்தோ சாலையிலிருந்தோ ஒரு மைலுக்கு அப்பால் நிற்கும் மூஸைச் சுடாதே. தண்ணீரில் நிற்கும் மூஸை ஒருபோதும் சுடாதே. எலும்போடு ஒரு பின்தொடை மட்டுமே 50 கிலோவுக்கு மேல் இருக்கும். அதைத் தோளில் போட்டுக்கொண்டு, மெத்தைபோல் அமுங்கும் பாசி நிலத்தில் எட்டுப் பத்து நடை நடந்து பார்த்தால்தான் அந்த விதிகளின் பொருள் புரியும்.

மூன்றாம் நாள் இரவு, செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கைக்கருவி மூலம் அவரிடமிருந்து நான்கே சொற்கள் வந்தன. "மூஸ் விழுந்தது. நான் நலம்." மறுநாள் விடியற்காலையில் மகன் தன் நண்பரின் படகை இரவல் வாங்கினான். "அப்பா, நீங்களும் வாங்க, உங்களுக்குத் தெரிஞ்ச வேலைதானே" என்றான். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு நானும் ஏறி உட்கார்ந்தேன்.

சூடுதான் எதிரி

நாங்கள் நண்பகலில் போய்ச் சேர்ந்தபோது அறுக்கும் வேலை முடிந்திருந்தது. முந்தைய நாள் மாலை ஐந்து மணிக்குச் சுட்டிருக்கிறார். எட்டு மணிக்குப் பொழுது சாய்ந்தது. தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு நள்ளிரவு தாண்டி ஒரு மணிவரை ஒற்றை ஆளாக வேலை செய்திருக்கிறார். ஒவ்வொரு கட்டத்தையும் அவர் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டேன். அவர் சொன்னதை விளக்குமுன், அவ்வளவு அவசரம் ஏன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

உயிர் போனவுடன் உடல் குளிர்ந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். பெரிய விலங்குகளில் அப்படி நடப்பதில்லை. தசைக்குள் சேமித்து வைத்திருந்த சர்க்கரைச் சத்து, மூச்சு நின்ற பிறகும் லாக்டிக் அமிலமாக மாறிக்கொண்டே இருக்கும். அப்போதும் வெப்பம் பிறக்கும். அசைபோடும் விலங்கின் பெரிய இரைப்பையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் உண்டு. எஜமானன் இறந்தது அவற்றுக்குத் தெரியாது. அவை தழையை நொதிக்க வைத்து, சூட்டையும் வாயுவையும் உண்டாக்கிக்கொண்டே இருக்கும். இவற்றுக்கு மேல், 40 டிகிரிக் குளிரையும் தாங்கும் ரோமத் தோல் ஒரு ரஜாயைப் போலப் போர்த்தியிருக்கிறது. ஆகவே வெளியே பனி பெய்தாலும் தொடையின் உள்ளே எலும்போரத்தில் சூடு பல மணி நேரம் தங்கிவிடும். அங்கேதான் அழுகல் தொடங்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. இறைச்சித் தொழிலில் இதை எலும்போரப் புளிப்பு என்போம்.

அன்று பகல் வெப்பம் 15 டிகிரி. இரவில் 2 டிகிரிக்கு இறங்கியது. நமக்கு அது நடுக்கும் குளிர். இறைச்சிக்கு அந்தப் பகல் வெப்பம் அதிகம். இறைச்சி பத்திரமாக இருக்க 4 டிகிரிக்குக் கீழே வர வேண்டும்.

ஒற்றை ஆளின் முறை

முதலில், விழுந்த விலங்கை முதுகுப்புறமாக அணுகி, நீண்ட குச்சியால் கண்ணைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். இமை அசையவில்லை என்றால்தான் அருகில் செல்லலாம். பிறகு சீட்டில் தேதியைக் குறித்துவிட்டு, கத்தியைத் தீட்டிக்கொண்டார்.

இருவர் மூவர் இருந்தால் விலங்கை மல்லாக்கப் புரட்டி, வயிற்றைக் கீறி, குடலை முதலில் வெளியே எடுப்பார்கள். தனி ஆளுக்கு அது ஆகாத காரியம். எனவே வயிற்றைத் திறக்காத இன்னொரு முறையைக் கையாண்டார். விலங்கு பக்கவாட்டில் கிடந்தபடியே, முதுகெலும்பை ஒட்டித் தோலைக் கீறி, மேற்பக்கத் தோலை வயிறுவரை உரித்து விரிப்பைப் போலத் தரையில் பரப்பினார். கத்தியின் கூர்முனை உள்ளிருந்து வெளிநோக்கி இருக்க வேண்டும். வெளியிலிருந்து கீறினால் ரோமம் அறுந்து கறியெல்லாம் ஒட்டிக்கொள்ளும்.

பிறகு முன்னங்கால். மூஸ், ஆடு, மாடு போன்றவற்றுக்குக் காறை எலும்பு கிடையாது. முன்னங்கால் உடம்போடு தசையால்தான் ஒட்டியிருக்கிறது. காலைத் தூக்கிப் பிடித்து அடியில் கத்தியை ஓட்டினால் ரம்பமில்லாமலே கழன்று வந்துவிடும். பின்னங்காலுக்கு இடுப்பில் பந்துக் கிண்ண மூட்டு உண்டு. அதைச் சுற்றியுள்ள கறியை அறுத்து, மூட்டைத் திறந்து, உள்ளேயிருக்கும் தசைநாரை வெட்டினால் அதுவும் பிரிந்துவிடும். ஆண் விலங்கு என்பதற்கான உறுப்பின் ஒரு பகுதி ஒரு பின்தொடையோடு ஒட்டியே இருக்க வேண்டும் என்பது சட்டம். அதையும் கவனித்து விட்டிருந்தார்.

அடுத்து முதுகுக்கறி, கழுத்து, விலாக் கறி. கடைசி விலா எலும்புக்குப் பின்னால் கையை விட்டு, உட்புறம் இருக்கும் மெல்லிய முதுகுக்கறியையும் எடுத்தார். இரைப்பையிலோ சிறுநீர்ப்பையிலோ கத்தி பட்டால் பட்ட கறி பாழ் என்பதால் இந்தக் கட்டத்தில் மட்டும் அவசரப்படவே இல்லையாம். இவ்வளவும் முடிய மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

இனி மறுபக்கம். பாதி எடை குறைந்த உடலை, மரத்தில் கட்டிய கயிற்றையும் கப்பியையும் கொண்டு புரட்டினார். திரும்பவும் அதே வேலை. நடு இரவில், ஒற்றை விளக்கொளியில், கரடி வருமோ என்று காதைத் தீட்டிக்கொண்டு.

வெட்டிய ஒவ்வொரு துண்டும் ஒரு மெல்லிய பருத்தித் துணிப் பைக்குள் போயிற்று. பிளாஸ்டிக் பை கூடாது. சூடும் ஈரமும் உள்ளேயே தங்கிவிடும். துணிப் பை காற்றை விடும், ஈயை விடாது. குடல் கிடந்த இடத்திலிருந்து நூறு மீட்டர் தள்ளி, இரண்டு மரங்களுக்கிடையே ஒரு கழியைக் கட்டி அதில் பைகளைத் தொங்கவிட்டிருந்தார். மேலே ஒரு தார்ப்பாய், பக்கங்கள் திறந்திருந்தன. தூரத்திலிருந்தே பார்வையில் படும்படியான வெட்டவெளியைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. கரடி வந்து கறியின்மேல் உரிமை கொண்டாடிக்கொண்டிருந்தால், எதிரில் போய் முட்டிக்கொள்ளாமல் எட்டவே நின்று தெரிந்துகொள்ளலாம்.

நாங்கள் போனபோது கரடி இல்லை. அண்டங்காக்கைகளும் சாம்பல் நிறக் குருவிகள் சிலவும் குடல் குவியலில் விருந்துண்டுகொண்டிருந்தன. நான் பைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். கறியின் மேற்பரப்பு காய்ந்து, மெல்லிய தோல்போல் இறுகியிருந்தது. நல்ல அறிகுறி. அந்த உலர்ந்த படலமே கிருமிக்கும் ஈக்கும் ஒரு வேலி. பல வீடுகளில் கறியை வாங்கியவுடன் கழுவிக் கழுவி வைக்கிறோமே, அது இந்த வேலியை நாமே பிடுங்கி எறிவதற்குச் சமம்.

மூவரும் மாலைவரை சுமந்தோம். என் வயதுக்குக் கழுத்துக்கறியும் விலாக்கறியும் கொடுத்தார்கள். மகனும் அவரும் கால்களைச் சுமந்தார்கள். கொம்பு கடைசி நடையில் வந்தது.

கம்பியின் தீர்ப்பு

மறுநாள் காலை அவர் வீட்டுக் கொட்டகையில் எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தன. அவர் என்னை அழைத்தார். "டாக்டர், ஒரு தொடை எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். குரலில் விளையாட்டு இல்லை. அவர் மனைவியும் வாசலில் வந்து நின்றார். அந்தக் கொட்டகையில் தொங்கியது அவர்களுடைய எட்டு மாதக் கறி.

இதற்கென்று பழைய முறை ஒன்று இருக்கிறது. நீண்ட கம்பி ஒன்றைச் சுத்தம் செய்து, எலும்பை ஒட்டி மூட்டுவரை செலுத்தி, வெளியே இழுத்து உடனே முகர்ந்து பார்க்க வேண்டும். ஆழத்தில் உள்ள வாசனையைக் கம்பி சுமந்து வரும். எத்தனையோ ஆயிரம் முறை செய்த வேலைதான். ஆனால் கிடங்கில் நான் நிராகரித்தால் வேறு சரக்கு வரும். இங்கே வேறு சரக்கு இல்லை.

முன்னங்கால் இரண்டும் நல்ல மணம். மேற்பக்கமாக இருந்த பின்தொடையும் அப்படியே. நான்காவதில், இடுப்பு மூட்டருகே, புளித்த நெடி வந்தது. இன்னொரு முறை செலுத்தினேன், அதே நெடி. அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தயக்கமாக இருந்தாலும் சொன்னேன்.

காரணத்தை அவரே கண்டுபிடித்தார். அது தரையோடு அழுந்திக் கிடந்த பக்கத்துத் தொடை. அடியில் பாசி மெத்தை, மேலே அரை டன் உடல். ஏழு மணி நேரம் அதன் சூடு வெளியேற வழியில்லை. உடலைப் புரட்டிய பிறகாவது முதலில் அந்தத் தொடையைத் திறந்திருக்கலாம். அவர் வழக்கமான வரிசைப்படி முன்னங்கால், முதுகுக்கறி என்று முடித்துவிட்டுத் தொடைக்குக் கடைசியில் வந்திருக்கிறார். "புரட்டியதும் முதலில் இதன் எலும்பைத் திறந்திருக்க வேண்டும்" என்று மெதுவாகச் சொன்னார். தனி ஆளுக்கு வேகம் குறைவு. ஆகவே அவர் வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும்.

தொடையைப் பிரித்துப் பார்த்தோம். மூட்டைச் சுற்றி நிறம் மாறியிருந்தது. நிறம் மாறிய இடத்துக்கு அப்பாலும் தாராளமாக வெட்டியெடுத்தோம். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைக் கழுவி, கம்பியைச் செலுத்தி, முகர்ந்து, மணம் சுத்தமாகும்வரை வெட்டினோம். சுமார் 6 கிலோ போயிற்று. மீதி 30 கிலோவுக்கு மேல் நல்ல கறி தேறியது. அவர் மனைவி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஓய்வு பெற்ற பிறகு என் தொழிலுக்குக் கிடைத்த சன்மானம் அது.

நுரையீரலைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவைத்தேன். மூஸின் நுரையீரலில் நீர்க்கட்டிகள் இருக்கக்கூடும். உள்ளே நாடாப்புழுவின் குட்டிகள். நாய் அதைப் பச்சையாகத் தின்றால், புழு நாயின் குடலில் வளர்ந்து, அதன் முட்டைகள் மனிதனுக்கு வந்து சேரும். நம் நாட்டிலும் ஆடறுக்கும் இடங்களில் நாய்களுக்குக் கழிவை வீசுவதால் வரும் அதே நோய்தான். அவர் இதை அறிந்திருந்தார். நாயை அந்தப் பக்கமே விடவில்லை.

தொங்கவிடுவது ஏன்?

பிறகு ஒரு வாரம் கறியை அப்படியே தொங்கவிட்டார்கள். கொட்டகையின் வெப்பம் 2 முதல் 4 டிகிரி. அறுத்த சில மணி நேரத்தில் தசை விறைத்துக்கொள்ளும். அந்த நிலையில் சமைத்தால் செருப்புத் தோல்தான். சில நாட்கள் குளிரில் இருந்தால், தசையில் இயற்கையாக உள்ள நொதிகளே நாரைத் தளர்த்தி மென்மையாக்கும். அதே சமயம், விறைப்பு வருவதற்கு முன்பே சட்டென்று உறைய வைத்தாலும் தசை சுருங்கிக் கறி கடினமாகிவிடும். சூடு சீக்கிரம் போக வேண்டும். ஆனால் சட்டென்று உறைந்துவிடவும் கூடாது. எலும்போடு தொங்கவிடுவதில் இன்னொரு பயனும் உண்டு. எலும்பு தசையை இழுத்துப் பிடித்து, சுருங்க விடாமல் தடுக்கும்.

ஒரு வாரம் கழித்துக் குடும்பமே மேசையைச் சுற்றி நின்றது. காய்ந்த மேற்படலத்தைச் சீவி, எலும்பை நீக்கி, ஒரு வேளைக்கு ஒரு பொட்டலம் என்று காற்றுப் புகாமல் சுற்றி, தேதியும் பகுதியும் எழுதி, மைனஸ் 18 டிகிரிப் பெட்டியில் அடுக்கினார்கள். துண்டு துணுக்குகள் கொத்துக்கறியாயின. எலும்பு சூப்புக்குப் போயிற்று. மொத்தம் 200 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. பத்து வயதுப் பெண் பொட்டலங்களைக் கணக்கெழுதினாள்.

அதில் ஒரு பங்கு, வேட்டைக்குப் போக முடியாத முதிய அதபாஸ்கன் தம்பதியருக்குச் சென்றது. அதபாஸ்கர்கள் அந்நிலத்தின் பழங்குடி மக்கள். மூஸின் தலை, நாக்கு, மூக்கு, இதயம், தோல் எதையும் அவர்கள் விடுவதில்லை. இறந்தவருக்காக ஊர்கூடி இடும் விருந்தில் மூஸ் கறி இல்லாமலிருப்பது அவர்களுக்குப் பெருங்குறை. 1975-இல் மின்ட்டோ கிராமத்தில் அப்படியொரு விருந்துக்காக, வேட்டைக் காலம் அல்லாதபோது மூஸ் வேட்டையாடப்பட்டது. அதன் இறைச்சியைக் கொண்டுவந்த கார்லோஸ் ஃபிராங்க் என்பவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. அலாஸ்கா உச்ச நீதிமன்றம் 1979-இல், அது அம்மக்களின் சமயச் சடங்கின் பகுதி, அரசு அதற்கு இடமளிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. படையலின் அருமை தெரிந்த நமக்கு இது புரியாத செய்தி அல்ல.

எங்களுக்கும் 5 கிலோ கொடுத்தார். மூஸ் கறியில் கொழுப்பு மிகக் குறைவு. என் மனைவி சின்ன வெங்காயம் கிடைக்காத ஊரில் பெரிய வெங்காயத்தை வைத்துக்கொண்டு, மிளகும் சோம்பும் அரைத்து, குக்கரில் ஏழு விசில் விட்டு வறுவல் செய்தாள். ஒரு கிண்ணம் பக்கத்து வீட்டுக்குப் போனது. கண்ணில் நீர் வழிய, இன்னும் கொஞ்சம் இருக்கிறதா என்று கேட்டார்கள்.

நம் சமையலறைக்கு

இந்தத் தலைநகரில் யாரும் மூஸ் வேட்டைக்குப் போகப்போவதில்லை. ஆயினும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் ஞாயிற்றுக்கிழமை கறி வாங்குகிற நமக்கும் இதே இயற்கை விதிகள்தாம்.

வெட்டிய கறியைப் பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டுக்கொண்டு, வேறு நாலு கடை ஏறி இறங்காதீர்கள். கறி வாங்குவது கடைசி வேலையாக இருக்கட்டும். கோடைக்காலத்தில் காருக்குள் வைத்துவிட்டுப் போவது கூடவே கூடாது.

இரண்டு மூன்று கிலோவை ஒரே உருண்டையாக ஃபிரிட்ஜில் தள்ளாதீர்கள். நடுப்பகுதி குளிர நெடுநேரமாகும். தட்டையான சிறு பொட்டலங்களாகப் பிரித்து வையுங்கள். மூஸின் தொடைக்கு நேர்ந்ததுதான் உங்கள் உருண்டையின் நடுவிலும் நேரும்.

அன்றே அறுத்த கறி கடினமாக இருக்கிறதென்றால் கடைக்காரரைக் குறை சொல்லாதீர்கள். ஒரு நாள் ஃபிரிட்ஜில் மூடி வைத்துவிட்டு மறுநாள் சமைத்துப் பாருங்கள். கழுவுவதானால் சமைக்கும்போது கழுவுங்கள், வைக்கும்போது வேண்டாம்.

நம் பாட்டிமார் ஃபிரிட்ஜ் இல்லாமலே உப்புக்கண்டம் போட்டார்கள். மெல்லியதாக வார்ந்து, உப்பும் மஞ்சளும் தடவி, நூலில் கோத்து, மெல்லிய துணியைப் போர்த்தி வெயிலில் காயவிட்டார்கள். மெல்லியதாக வார்ந்தால் சூடு தங்காது. காய்ந்தால் கிருமிக்கு நீர் கிடைக்காது. துணி ஈயைத் தடுக்கும். அலாஸ்காக் காட்டில் நான் கண்ட தார்ப்பாயும் துணிப்பையும் செய்ததும் அதே வேலைதான். அங்கே குளிரைத் துணைக்கு அழைத்தார்கள். நம் ஊரில் வெயிலை அழைத்தோம். உங்கள் வீட்டில் உப்புக்கண்டம் போடத் தெரிந்த பெரியவர் இருந்தால், இந்தக் கோடையிலேயே பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள்.